எதிரொலியில் இதயம் கண்டவர்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவில் நின்று உரக்கக் குரல் கொடுத்தால், எதிரிலுள்ள பாறை அதனைத் திருப்பியனுப்பும். குரல் திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு பாறையின் தொலைவைக் கணக்கிடலாம். இவ்வாறே, செவிக்கு எட்டாத மீயொலியை மார்பினுள் அனுப்பி, அதன் எதிரொலியால் இதயத்தின் அசைவை அறியும் வழியைக் கண்டவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் இங்கெ எட்லர்.

உயிர்காக்கும் கவலை

1911ஆம் ஆண்டு பிறந்த எட்லர், லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, அந்நகர மருத்துவமனையில் இதயநோய் மருத்துவராகப் பணியாற்றினார். குறுகிய ஈரிதழ் வால்வை அறுவை மருத்துவத்தால் விரிக்கும் முறை அப்போது பரவத் தொடங்கியிருந்தது. வால்வு குறுகியோருக்கு அது வாழ்வளித்தது. வால்வு சரிவர மூடாமல் குருதி பின்னோக்கிக் கசிவோருக்கோ தீங்காய் முடிந்தது. இவ்விரு நோய்களையும் மார்பைத் திறக்குமுன் பிரித்தறிவது அரிதாக இருந்தது. இதயத்துள் நுண்குழல் செலுத்தும் சோதனையும் ஐயத்தை முற்றிலும் தீர்க்கவில்லை. பிழையான முடிவு ஓர் உயிரையே பறிக்கக்கூடும் என்னும் கவலை எட்லரைப் புதுவழி தேடச் செய்தது.

கப்பல் தளத்தில் கிடைத்த விடை

இளம் இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸ் அவருக்குத் துணையானார். உலோகத்தின் உட்குறைகளை மீயொலியால் கண்டறியும் கருவி, மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. அங்குச் சென்ற ஹெர்ட்ஸ் அதனைத் தம் மார்பின்மீதே வைத்துப் பார்த்தார். துடிப்புக்கேற்ப எதிரொலி அசைந்தது. பின்னர்ச் சீமென்ஸ் நிறுவனத்தின் கருவியொன்றை இரவலாகப் பெற்று, 1953 அக்டோபர் 29ஆம் நாள் இருவரும் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர்.

பதிவில் தெளிவாகத் தோன்றிய அசைவு இதய மேலறைச் சுவருடையது என எட்லர் முதலில் கருதினார். எனினும் அதனை உறுதிசெய்யாமல் விடவில்லை. தம்மிடம் சோதனை செய்துகொண்ட நோயாளர் இறந்தபின், மீயொலி சென்ற அதே திசையில் கூர்ங்கம்பியைச் செலுத்தி ஆராய்ந்தார். அசைந்தது ஈரிதழ் வால்வின் இதழே எனத் தெளிந்தார். வால்வு குறுகியோரிடம் அவ்விதழ் மெல்ல மூடுவதால் பதிவுக்கோட்டின் சரிவு குறைந்திருந்தது. அச்சரிவே நோயின் கடுமையை உணர்த்தும் அளவுகோலாயிற்று. 1977ஆம் ஆண்டு இருவரும் லாஸ்கர் விருது பெற்றனர். எட்லர் 2001ஆம் ஆண்டு மறைந்தார்.

படுக்கையருகே மீயொலி

அன்று ஒற்றைக்கோடாகத் தோன்றிய அசைவு, இன்று எக்கோ என வழங்கும் சோதனையில் இயங்கும் படமாகத் தெரிகிறது. ஏலத்தோட்டச் சரிவில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர் ஒருவர், அடிவார மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவதாகக் கொள்வோம். அவருடைய பெருந்தமனி வால்வு குறுகியிருந்தால், முதுகுத்தண்டில் செலுத்தும் மரப்பு மருந்து குருதியழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்தலாம். அவ்விதயத்தால் அதனை ஈடுசெய்ய இயலாது. இ.சி.ஜி. பதிவு வால்வின் அசைவைக் காட்டுவதில்லை. கையடக்க மீயொலிக் கருவியால் படுக்கையருகிலேயே இதயத்தைப் பார்த்தறியும் மயக்கவியல் மருத்துவர், மருந்தையும் அதன் அளவையும் செலுத்தும் முறையையும் அதற்கேற்பத் திட்டமிடுகிறார். அறுவை மருத்துவத்திற்கு முன்பே இதயத்தின் நிலையை அறிய விழைந்த எட்லரின் உழைப்பு, பெருநகர் செல்ல இயலாத எளியோரின் உயிரையும் இவ்வாறு காத்து நிற்கிறது.