குளத்து நீரில் நோயைத் தேடியவர்

வாந்திபேதி வந்தால் ஊரையே காலி செய்துகொண்டு மக்கள் ஓடிய காலம் ஒன்று இருந்தது. கெட்ட காற்றே காரணம் என்று மேனாட்டு மருத்துவர் பலரும் நம்பினர். அந்த நாளில் நோயின் வித்தைத் தேடிக் கடல் கடந்து கல்கத்தா வந்தவர் இராபர்ட் காக்.

1843-இல் ஜெர்மனியின் கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தவர். நாட்டுப்புற வைத்தியராக இருந்தபோதே, 1876-இல் அடைப்பான் நோயின் கிருமியை மெய்ப்பித்தார். 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டார். 1905-இல் நோபல் பரிசு பெற்றது காசநோய் ஆராய்ச்சிக்காகவே.

1883-இல் எகிப்தில் காலரா மூண்டது. காக் ஒரு குழுவுடன் அங்கே விரைந்தார். போட்டிக்கு வந்த பிரெஞ்சுக் குழுவின் இளைஞர் துயிலியே, ஆராய வந்த நோய்க்கே இரையானார், வயது 27. எகிப்தில் நோய் தணியவே, காக் டிசம்பரில் கல்கத்தா சேர்ந்தார்.

காலராவில் இறந்தோர் குடலிலெல்லாம் வளைந்த கிருமி ஒன்று இருந்தது. வேறு நோயால் இறந்தோரிடம் இல்லை. அதைத் தனியே பிரித்து வளர்த்தார். பிறகு ஒரு குளம். சுற்றிலும் காலரா. குடிப்பதும் குளிப்பதும் அந்நீரிலேயே; நோயாளியின் துணி அலசியதும் அதிலேதான். அந்நீரில் அதே கிருமி! நோய் தணியத் தணிய நீரிலும் அது அருகிற்று.

இதை அம்மக்களின் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் எங்கள் வடகரப்பதிக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். வேறு நீர் இல்லாதவன் கிடைத்த நீரைத்தானே குடிப்பான்?

பணக்கார நகரமும் தப்பவில்லை. 1892-இல் ஹாம்பர்க் நகரில் 8,600 பேருக்கு மேல் மாண்டனர். ஒட்டியிருந்த அல்டோனாவில் நோய் மிகக் குறைவு. இரண்டும் குடித்தது எல்பே ஆற்று நீர்; அல்டோனா எடுத்ததோ ஹாம்பர்க்கின் கழிவு கலந்தபின் வரும் நீர். ஆனால் அதை மணலில் வடிகட்டினார்கள். ஹாம்பர்க் வடிகட்டவில்லை. காக் இதை எடுத்துக் காட்டினார்.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். இத்தாலியர் பாச்சினி 1854-லேயே இக்கிருமியைக் கண்டிருந்தார். காசத்துக்கு மருந்தென 1890-இல் காக் அவசரப்பட்டு அறிவித்த டியூபர்குலின் பொய்த்தது. காலராக் கிருமியை விலங்குகளுக்குக் கொடுத்து நோயை உண்டாக்கிக் காட்டும் முயற்சியும் கைகூடவில்லை. 1910-இல் காலமானார். அக்கிருமி கக்கும் நஞ்சே குடலில் நீரைப் பெருக்குகிறது என்று 1959-இல் முயற்குடலில் காட்டியவர் நம் நாட்டுச் சம்பு நாத் தே. இடம் அதே கல்கத்தா. அவருக்கு நோபல் பரிசு கிட்டவில்லை.