இரு விழிகளில் ஒரு கோபுரம்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலைத் தரிசித்து வந்தோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலருளர். ஆயின், அக்கோயிலை இற்றைக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே நிழற்படமாக்கிய லின்னேயஸ் டிரைப் என்பாரை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே.

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822 ஆம் ஆண்டு பிறந்த டிரைப், இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைச் சேனையிற் சேர்ந்தார். 1850 களின் தொடக்கத்தில் விடுமுறையில் தாயகஞ் சென்றிருந்தபோது நிழற்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. திரும்பி வந்து 1854 இல் ஹளபேடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் மறுவருடம் சென்னைக் கண்காட்சியிற் பரிசு பெற்றன. 1855 இல் பர்மிய மன்னரிடஞ் சென்ற தூதுக்குழுவுடன் போனார். 1856 இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் நிழற்படக் கலைஞராக நியமித்தது.

1857 டிசெம்பரில் அவரது பெரும்பயணந் தொடங்கிற்று. வடநாட்டில் சிப்பாய்ப் புரட்சியின் தீ இன்னும் அணையாத வேளை அது. தெற்கிலோ, கப்டன் ஒருவர் படப்பெட்டியையும் இரசாயனக் குப்பிகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று ஊரூராய்ச் சென்றுகொண்டிருந்தார்!

பெரிய படங்களோடு அவர் நின்றுவிடவில்லை. இரட்டைப் படங்களையும் எடுத்தார். நம் இரு கண்களும் ஒன்றற்கொன்று ஏறக்குறைய இரண்டரை அங்குலந் தள்ளியிருப்பதால், ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. அவ்விரண்டையும் மூளை இணைக்கையில் ஆழம் பிறக்கிறது. 1838 இல் வீற்ஸ்டன் இதனை விளக்கினார். பின்னர் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திய சிறு பெட்டியாக அதனைக் கைக்கடக்கமாக்கினார். 'ஸ்டீரியோஸ்கோப்' எனும் அப்பெட்டியில் இடுவதற்கென்றே, மதுரைக்கு ஒன்றும் திருச்சி, தஞ்சை முதலிய இடங்களுக்கு ஒன்றுமாக, டிரைப்பின் இரட்டைப் படத் தொகுதிகள் 1858 இல் வெளிவந்தன. மண்டபத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி நிற்பதை, லண்டனில் நாற்காலியில் இருந்தபடியே ஒருவர் காணலாயிற்று.

இத்தகைய இரட்டைப் படங்களை இன்று மாணவர்கள் கணினித் திரையின் சின்னஞ்சிறு குறியுருவாக மாற்றிப் பார்க்கலாம். இரண்டையும் செந்நிறத்திலும் நீலப்பச்சையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால், 256 புள்ளி அகலமுள்ள குறியுருவிலே நிறக்கண்ணாடி வழியே ஆழம் தெரியும். 16 புள்ளிக்குச் சுருக்கினாலோ, இரு தோற்றங்களுக்கும் இடையேயுள்ள விலகல் பெரும்பாலும் ஒரு புள்ளியளவுங் கூடத் தேறாது, கோபுரம் தட்டையாகிவிடும். உருவம் எஞ்சும், ஆழம் போய்விடும்.

எனினும், அவரது பணியின் சிகரம் என்று யான் கருதுவது இரட்டைப் படமன்று. தஞ்சைக் கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டை நெடுகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அவர், இராசராசன் பொறிப்பித்த எழுத்துக்களை ஓரடி விடாது தொடர்ந்து சென்ற பொறுமையை என்னென்பது!

1859 இல் ஆளுநராய் வந்த சார்ள்ஸ் டிரெவெலியனோ, நிழற்படத்தை அரசாங்கத்துக்கு ஒவ்வாத ஆடம்பரமெனக் கொண்டார். புரட்சிக்குப் பின் கருவூலம் வறண்டிருந்தது மெய்யே. ஆயினும் சிக்கனக் கத்தி முதலில் கலையின் கழுத்திலேயே விழுவது எந்நாட்டிலும் வழக்கமாகிவிட்டது. 1860 அளவில் அப்பணிமனை மூடப்பட்டது. நம் ஈழத்திலோ, பத்தாண்டு கழித்து, 1870–71 இல், அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படமெடுக்க ஜோசப் லோட்டனை அரசினரே அனுப்பினர்.

டிரைப் மீண்டும் படையலுவலுக்கே திரும்பினார். அதன்பின் படப்பெட்டியை அவர் தொட்டது அரிது. ஓய்வு பெற்றுத் தாயகஞ் சென்று, 1902 இல் டெவன்போர்ட்டிலேயே காலமானார். அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர், 1891 இலேயே, ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுக்களைப் படித்து அச்சேற்றத் தொடங்கியிருந்தார்.