தலைவரின் முகம் பார்த்து...

வாலாஜாபேட்டை முதல் ஆம்பூர் வரை தோல் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்போருக்கு ஓர் உண்மை தெரியும். காலையில் மேற்பார்வையாளர் எந்த முகத்தோடு வருகிறாரோ, அன்றைய பொழுதும் அப்படியே அமையும். அவர் கடுகடுத்தால் தவறு செய்தவர் அதை மறைப்பார். வேலை தெரியாதவர் கேட்கப் பயப்படுவார். அவர் நிதானமாக இருந்தால் தவறு உடனே தெரியவரும், திருத்தவும் முடியும்.

இதை வாழ்ந்து காட்டியவர் நம் மண்ணில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர். வாலாஜாபேட்டையை அடுத்த இராணிப்பேட்டையில், அமெரிக்க மறைப்பணி மருத்துவர் குடும்பத்தில் 1870 டிசம்பர் 9 அன்று பிறந்தார். இங்கேயே தங்கிப் பணியாற்றும் எண்ணம் முதலில் அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் இறந்தனர். ஆண் மருத்துவரை அழைக்க அவர்களது குடும்பத்தார் இசையவில்லை. அந்த இரவுதான் ஐடாவின் மனதை மாற்றியது. 1899-ல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார்.

வந்த சில மாதங்களிலேயே, அவருக்கு வழிகாட்ட வேண்டிய தந்தை இறந்துபோனார். மக்கள் இளம் பெண் மருத்துவரிடம் வரத் தயங்கினர். பயிற்சி பெற்ற செவிலியரும் இல்லை. வீட்டுப் பணியாளரின் மனைவியே அவருக்கு உதவியாளர் ஆனார். மருத்துவம் படிக்காத ஒருவர் அறுவைச் சிகிச்சையில் துணை நிற்கும்போது, மருத்துவரின் கை நடுங்கினால் அவர் கையும் நடுங்கும் அல்லவா? ஐடா துணிவோடு நின்றார். இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, அரசு மருத்துவத் துறையினர் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை. ஐடா மனம் தளராமல் தாமே பாடம் நடத்தினார். 1922-ல் முதல் அணியின் 14 பேரும் மருத்துவர்களாக வெளிவந்தனர். மாணவியர் அவரை அத்தை என்றே உறவு சொல்லி அழைத்தனர்.

பெரிய சோதனை 1938-ல் வந்தது. இனி பல்கலைக்கழகப் பட்டப் படிப்பே செல்லும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. பள்ளியே மூடப்படும் நிலை. எழுபது வயதில், 1941-ல், நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். ஆண்களையும் சேர்த்துக் கல்லூரியாக்கும் யோசனையை, பல ஆண்டுகள் துணைநின்ற தோழி லூசி பீபாடியே எதிர்த்தார். ஐடா மனக்கசப்புக்கு இடம் கொடுத்துப் பணியைக் கைவிடவில்லை. 1942-ல் பட்டப் படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தனர். முதுமையிலும் டென்னிஸ் ஆடிய அவர், 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

அன்பார்ந்தவர்களே, நமக்குக் கீழே இருப்பவர் நம்மை எதிர்த்துப் பேச முடியாது. அதனால்தான் நம் கோபம் அவரிடம் எளிதாக இறங்குகிறது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொட்டுகிறார். கண்டிப்பு தேவைதான், ஆனால் நம் எரிச்சலுக்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்டக் கூடாது.

குடும்பத் தலைவராக, அன்பியப் பொறுப்பாளராக, பாடகர் குழுவை நடத்துபவராக, ஆலையில் பத்துப் பேருக்கு மேலாளராக இருக்கும் நாம் சிந்திப்போம்: நாம் உள்ளே நுழையும்போது அங்கே பேச்சு தொடர்கிறதா, சட்டென நின்றுவிடுகிறதா?