வி. ஆர். கிருஷ்ணய்யர்

வி. ஆர். கிருஷ்ணய்யர் (நவம்பர் 15, 1915 - டிசம்பர் 4, 2014) இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக 1973 முதல் 1980 வரை பணியாற்றியவர். அதற்கு முன்னர் சென்னை, கேரள மாநிலங்களின் சட்டமன்ற உறுப்பினராகவும் கேரள அமைச்சராகவும் இருந்தார்.

இளமை

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். அப்பகுதி அப்போது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் சென்னையில் சட்டமும் பயின்று, 1938 இல் மலபாரின் தலச்சேரியில் வழக்குரைஞரானார். பொதுவுடைமைக் கட்சியினருக்குச் சட்ட உதவி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1948 இல் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டார்.

அரசியல்

1952 இல் கூத்துப்பறம்புத் தொகுதியிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 இல் மலபார் கேரளத்துடன் இணைந்தது. 1957 இல் பொதுவுடைமைக் கட்சியின் ஆதரவுடன் தலச்சேரியில் வென்று, ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம் முதலிய துறைகளைக் கவனித்தார். 1959 இல் மத்திய அரசு இவ்வமைச்சரவையைக் கலைத்தது. 1960 தேர்தலில் 7 வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டவர், வழக்குத் தொடுத்து உறுப்பினரானார். 1965 தேர்தலில் தோல்வியடைந்தார்.

நீதித்துறை

1968 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1971 முதல் இந்தியச் சட்ட ஆணைய உறுப்பினராக இருந்தார். 1973 சூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபோது, அரசியல் பின்னணி உடையவர் நடுநிலை வகிப்பாரா என ஐயுற்று வழக்குரைஞர் சிலர் எதிர்த்தனர்.

பிரதமர் இந்திரா காந்தியின் மக்களவைத் தேர்தல் வெற்றி செல்லாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் 1975 சூன் 12 அன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது முழுத் தடை வேண்டும் என அவர் தரப்பில் கோரப்பட்டது. விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த கிருஷ்ணய்யர், சூன் 24 அன்று நிபந்தனையுடன் கூடிய தடையை மட்டுமே வழங்கினார். இதன்படி இந்திரா பிரதமராக நீடிக்கலாம், அவையில் பேசலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ இயலாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

முன்னர் சிறையில் இருந்தவரும் சிறைத்துறை அமைச்சராக இருந்தவருமான இவர், கைதிகளின் உரிமை குறித்துப் பல தீர்ப்புகள் வழங்கினார். சுனில் பத்ரா வழக்கில், சக கைதி சித்திரவதை செய்யப்பட்டது பற்றிச் சிறையிலிருந்து வந்த கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. ஏழைகளுக்கு எட்டாத பிணைத் தொகை கேட்பதையும் (1978), விசாரணைக் கைதிகளுக்கு வழக்கமாகக் கைவிலங்கு இடுவதையும் (1980) இவரது தீர்ப்புகள் கண்டித்தன.

பிற்காலம்

1987 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். 1999 இல் பத்ம விபூசண் விருது பெற்றார். கொச்சியில் காலமானார்.