லாரி விற்றவர் விமானி ஆனார்!

அதிகாலை நேரம். இன்னும் விடியவில்லை. மழையில் நனைந்த நடைபாதை பளபளக்கிறது. அங்கே ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியின் மேல் ஒரு வாலிபர் உட்கார்ந்து இருக்கிறார்.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்சுக்காக அவர் காத்து இருக்கிறார். ஊர் வழியனுப்பவோ, படம் பிடிக்கவோ அல்ல. அன்று விமானத்தை ஓட்டப்போகிறவரே அவர்தான்! தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவர் தன்னந்தனியாக ஓட்டப்போகும் முதல் பயணம் அது.

இடம்: பிரான்சு நாட்டில் உள்ள தூலூஸ் நகரம். வருஷம்: 1926.

அந்த வாலிபரின் பெயர் அந்த்வான் து செந்த் எக்சுபெரி. நம் வாய்க்கு வசதியாக எக்சுபெரி என்றே சொல்லுவோம். உலகம் முழுவதும் குழந்தைகளும் பெரியவர்களும் படிக்கும் "குட்டி இளவரசன்" கதையை எழுதியவர் இவர்தான். அந்தக் கதை தமிழிலும் வந்து இருக்கிறது.

கதை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியும். ஒரு விமானி வேலைக்காக அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

பொய் சொல்லி ஏறினார்

எக்சுபெரி 1900-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லியோன் நகரில் பிறந்தார். பிரபுக்கள் குடும்பம். பட்டம் இருந்தது, பணம் அவ்வளவாக இல்லை. பையனுக்கு 4 வயது நிறையும் முன்பே தகப்பனார் இறந்துபோனார். ஐந்து குழந்தைகளையும் வைத்துக்கொண்டு தாயார்தான் குடும்பத்தை நடத்தினார்.

கோடை விடுமுறைக்குத் தங்கும் மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு விமானத் திடல் இருந்தது. சிறுவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே ஓடிவிடுவான். விமானத்தில் ஏறக்கூடாது என்பது தாயாரின் உத்தரவு. 12 வயதில், அம்மா சம்மதித்துவிட்டார் என்று பொய் சொல்லி, ஒரு விமானியுடன் ஏறிப் பறந்துவிட்டான். அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

வளர்ந்த பிறகு கடற்படைப் பள்ளிக்குப் பரீட்சை எழுதினார். தேறவில்லை. கட்டிடக்கலை படிக்கப் போனார். அதுவும் முடியவில்லை. 1921-ல் ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. விமானப் பிரிவில்தான் சேர்த்தார்கள். ஆனால் கொடுத்ததோ தரையில் செய்யும் வேலை! தாயாரிடம் பணம் வாங்கி, தனியாகக் கட்டணம் கட்டி, விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு ராணுவ விமானி ஆனார்.

1923-ல் ஒரு விபத்து. விமானம் விழுந்து மண்டை உடைந்தது.

அந்தச் சமயம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மணப்பெண் லூயிஸ் து வில்மொரான். பிற்காலத்தில் இவரும் பெரிய எழுத்தாளர் ஆனார். இப்படிப் பறந்துகொண்டு இருப்பவருக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று பெண் வீட்டார் பயந்தார்கள். அவர்களுக்காக எக்சுபெரி விமானத்தை விட்டார். ஓடு செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனார்.

விமானமும் போயிற்று. கடைசியில் கல்யாணமும் நின்றுபோயிற்று!

ஒரே ஒரு லாரி

அடுத்து, லாரி விற்கும் வேலை. ஊர் ஊராகப் போய், தங்கள் கம்பெனி லாரியை வாங்கும்படி வியாபாரிகளிடம் பேசவேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார். அவர் விற்ற லாரிகள் எத்தனை தெரியுமா? ஒன்று!

வயது 26 ஆகிவிட்டது. கையில் காசு இல்லை. தாயாருக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற வேதனை வேறு.

அப்போது அவருக்குப் பள்ளியில் பாடம் சொன்ன பாதிரியார் ஒருவர் உதவிக்கு வந்தார். லாத்தேகோயர் என்ற விமானக் கம்பெனியின் மானேஜர் மாசிமி என்பவரை அந்தப் பாதிரியாருக்குத் தெரியும். மாசிமியிடம் எக்சுபெரியை அனுப்பிவைத்தார்.

இந்தக் கம்பெனி பயணிகளை நம்பிப் பிழைக்கவில்லை. தபால்தான் அதன் உயிர். தூலூசில் இருந்து ஸ்பெயின் நாட்டைத் தாண்டி, மொராக்கோ வழியாக, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் டக்கார் வரையில் கடிதங்களைக் கொண்டுபோனது. கப்பலில் பல நாட்கள் பிடிக்கும் தபாலை விமானத்தில் சீக்கிரம் சேர்ப்பதுதான் அதன் வியாபாரம். விமானம் தாமதமானால் வியாபாரமே போச்சு.

மாசிமி எக்சுபெரியுடன் பேசிப் பார்த்தார். கொஞ்ச நாள் பறந்த பிறகு நிர்வாகத்தில் ஒரு நல்ல பதவி தரலாம் என்று சொன்னார். வேறு யாராவதாக இருந்தால் காலில் விழுந்து இருப்பார்கள். எக்சுபெரியோ, தனக்குப் பதவி வேண்டாம், பறக்கவேண்டும், அது போதும் என்றார். சரி, தூலூசுக்குப் போய்த் தோராவைப் பார் என்று அனுப்பினார் மாசிமி.

கண்டிப்பான தோரா

திதியே தோரா! அந்தப் பெயரைக் கேட்டாலே விமானிகளுக்கு நடுக்கம்.

முதல் உலகப்போரில் காயம்பட்டு, பிறகு விமானி ஆனவர் தோரா. தூலூஸ் பக்கத்தில் உள்ள மோந்தோத்ரான் விமானத் திடலில் அவர் வைத்ததுதான் சட்டம். குறித்த நேரத்தில் விமானம் கிளம்பவேண்டும். மழை, மூடுபனி என்று சாக்குச் சொல்லக்கூடாது.

வேலை கேட்டு வருகிறவர்களை அவர் சோதிக்கும் விதமே தனி. எக்சுபெரிக்கு முன்பு, 1924-ல், மெர்மோஸ் என்ற வாலிபர் வந்தார். சோதனைக்காக விமானத்தில் ஏறச் சொன்னார் தோரா. மெர்மோஸ் வானத்தில் குட்டிக்கரணம் போட்டு, வித்தை எல்லாம் காட்டிவிட்டு, பெருமையோடு இறங்கினார். தோரா பாராட்டவில்லை. சர்க்கஸ்காரன் எனக்குத் தேவை இல்லை என்று சொல்லிவிட்டார்! மெர்மோஸ் மூட்டை கட்டத் தொடங்கிய பிறகுதான் மறுபடியும் கூப்பிட்டு, ஒழுங்காக ஓட்டிக் காட்டச் சொல்லி, வேலை கொடுத்தார். அந்த மெர்மோஸ் பின்னால் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தபால் கொண்டுபோய் பிரான்சு முழுவதும் புகழ்பெற்றார்.

1926 அக்டோபரில் எக்சுபெரி தோராவின் முன்னால் போய் நின்றார். நல்ல உயரம், பருமன். கூச்ச சுபாவம். பிரபு வீட்டுப் பிள்ளை. கதை எழுதுகிறவர் வேறு.

தோரா அவரை விமானத்தில் ஏற்றவில்லை. பட்டறைக்கு அனுப்பினார்! மற்ற புதியவர்களுக்கும் அதே வழிதான். எஞ்சினைக் கழற்றவேண்டும். சிலிண்டரைக் கழுவவேண்டும். மறுபடியும் பூட்டவேண்டும். கை முழுவதும் எண்ணெயும் கரியும்.

இது வெறும் தண்டனை அல்ல. அதில் ஒரு காரணம் இருந்தது. போரில் மிஞ்சிய பிரெகே விமானங்களைத்தான் அந்தக் கம்பெனி ஓட்டியது. விமானிக்குத் தலைக்குமேல் கூரை கிடையாது. வழியில் எஞ்சின் நின்றுபோவது சர்வசாதாரணம். நடுமலையிலோ, பாலைவனத்திலோ இறங்கிவிட்டால், எஞ்சினைத் தெரிந்தவன்தான் பிழைப்பான். தெரியாதவன் கதி அதோகதிதான். அந்தத் தபால் பாதையில் மொத்தத்தில் நூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் உயிர் இழந்து இருக்கிறார்கள்.

இந்தப் பிரபு எத்தனை நாள் தாங்குவார் என்று பட்டறைத் தொழிலாளிகள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எக்சுபெரி முகம் சுளிக்காமல் வேலை செய்தார். எக்சுபெரியின் பெயரைப் பார்த்துத் தோரா வேலை கொடுத்து இருந்தால், அந்தத் தொழிலாளிகள் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்து இருப்பார்களா என்பது சந்தேகமே.

மூன்று ஆரஞ்சு மரங்கள்

பிறகு சின்னச் சின்னப் பயிற்சிப் பயணங்கள். ஒருநாள் மாலை தோரா கூப்பிட்டு அனுப்பினார். மறுநாள் காலை ஸ்பெயினுக்குத் தபால் கொண்டுபோகவேண்டும் என்று உத்தரவு!

எக்சுபெரிக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. ஸ்பெயின் மலைகள் பொல்லாதவை. மேகத்துக்கு மேலே பறப்பது சுகம். கீழே இறங்கும்போது மேகத்துக்குள் மலை இருந்தால்?

நண்பர் கியோமேயைத் தேடிப் போனார். கியோமே அந்தப் பாதையில் ஏற்கெனவே பறந்து பழகியவர். இரண்டு பேரும் விளக்கடியில் படத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கியோமே பெரிய நகரங்களைப் பற்றியோ, ஜனத்தொகையைப் பற்றியோ பேசவில்லை. ஓர் ஊருக்குப் பக்கத்தில் வயல் ஓரமாக மூன்று ஆரஞ்சு மரங்கள் இருக்கின்றன, இறங்கும்போது ஜாக்கிரதை என்றார். இன்னோர் இடத்தில், பார்த்தால் இறங்கத் தோன்றும் புல்வெளி; ஆனால் புல்லுக்குள் ஓர் ஓடை ஒளிந்து இருக்கிறது என்றார். மலைச்சரிவில் தனியாக வாழும் ஒரு குடியானவனையும் அவன் மனைவியையும் பற்றிச் சொன்னார். ஆபத்து என்றால் ஓடிவந்து உதவி செய்வார்களாம். எக்சுபெரி அத்தனையையும் படத்தில் குறித்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பூகோளத்தில் இல்லாத பாடம்!

500 மீட்டருக்கு ஒருமுறை நிற்கும் பஸ்

மறுநாள் விடியுமுன்தான் அவர் நடைபாதையில் பெட்டிமேல் உட்கார்ந்து இருந்தார்.

விமானிகள் ஊருக்குள் கிராண் பல்கோன் என்ற சிறிய ஓட்டலில் தங்குவார்கள். அங்கிருந்து மோந்தோத்ரானுக்குத் தினமும் பஸ் பயணம். காரும் கிடையாது, தனி வண்டியும் கிடையாது. குமாஸ்தா போகும் பஸ்சில்தான் விமானியும் போகவேண்டும்.

கிழட்டு பஸ். தடதடவென்று ஆடும். உள்ளே பழைய ஆபீசு நாற்றம். 500 மீட்டருக்கு ஒருமுறை நின்று ஒரு குமாஸ்தாவை ஏற்றும். ஒரு சுங்க அதிகாரியை ஏற்றும். ஓர் இன்ஸ்பெக்டரை ஏற்றும். எல்லோரும் அரைத்தூக்கம். நோயைப் பற்றி, பணத்தைப் பற்றி, வீட்டுக் கவலையைப் பற்றி முணுமுணுப்பார்கள். அவர்கள் நடுவில் நெருக்கி உட்கார்ந்து இருக்கும் இந்த வாலிபர், இன்னும் சில மணி நேரத்தில் மலையோடும் புயலோடும் மல்லுக்கட்டப் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. நேற்று இதே பஸ்சில் வந்த ஒரு விமானி திரும்பவில்லை என்ற செய்தியும் அந்த பஸ்சிலேயே காதில் விழும். இந்தப் பயணத்தை எக்சுபெரி 1939-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். விமானத்தைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் பஸ்சுக்கும் பல பக்கங்கள்!

முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஏறுமுகம். 1927-ல் சகாரா பாலைவனக் கரையில் ஜூபி முனை விமான நிலையத்துக்குத் தலைவர். 1929-ல் தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவில் பெரிய பதவி. 1931-ல் இரவு விமானத் தபாலைப் பற்றி ஒரு நாவல் எழுதிப் பெரிய பரிசு பெற்றார். அதில் வரும் கண்டிப்பான அதிகாரி தோராவைப் பார்த்து எழுதப்பட்டவர். புத்தகத்தையே தோராவுக்குத்தான் காணிக்கை ஆக்கினார்.

மறுபடியும் வேலை கேட்டார்

அந்தப் புத்தகமே வினை ஆயிற்று. கம்பெனி நொடித்தது. தோராவையும் நீக்கினார்கள். ஊழியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். தோராவைப் பெரிய மனிதராகக் காட்டிய எழுத்தாளர் மேல் பழைய தோழர்கள் சிலருக்கே மனக்கசப்பு.

1933-ல் பல விமானக் கம்பெனிகளைச் சேர்த்து ஏர் பிரான்சு உண்டாயிற்று. எக்சுபெரி அங்கே விமானி வேலை கேட்டார். கிடைக்கவில்லை! பெயர் தெரியாத லாரி வியாபாரிக்குக் கிடைத்த வேலை, நாடறிந்த எழுத்தாளருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அதே கம்பெனியின் விளம்பரப் பிரிவில் வேலை கொடுத்தார்கள். விமானத்தைப் பற்றிச் சொற்பொழிவு செய்யலாம். தபால் விமானத்தை ஓட்ட முடியாது.

மூன்றாவது முறையாக அவர் கேட்டது 1943-ல். இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டு இருந்தது. அவருக்கு வயது 43. வேவு விமானம் ஓட்டுவதற்கு உள்ள வயது வரம்பை எப்போதோ தாண்டிவிட்டார். பழைய விபத்துகளால் உடம்பு முழுவதும் காயம். ஒருவர் உதவி இல்லாமல் விமானி உடையைக்கூடப் போட முடியாது. அதிகாரிகளை விடாமல் கெஞ்சிக் கெஞ்சி அனுமதி வாங்கினார். ஐந்து தடவை மட்டும் பறக்கலாம் என்றார்கள். அவர் அதற்கு மேலும் பறந்தார்.

1944-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி காலை கார்சிகா தீவில் இருந்து தனியாகக் கிளம்பினார். திரும்பவில்லை.

54 ஆண்டுகளுக்குப் பிறகு, 1998-ல், மார்சேய் துறைமுகத்துக்கு அருகே கடலில் ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் எக்சுபெரியின் பெயரும், அவர் மனைவி கோன்சுயேலோவின் பெயரும் இருந்தன. அந்தப் பக்கத்துக் கடலடியில் கிடைத்த விமானத் துண்டுகள் அவருடையவைதான் என்று 2004-ல் உறுதியாயிற்று.

மோந்தோத்ரான் திடலில் இப்போது விமானம் இறங்குவதில்லை. அந்தத் தபால் விமானிகளின் நினைவாக அங்கே 2018-ல் ஒரு காட்சிசாலை திறந்தார்கள்.