வென்டிலேட்டரை நிறுத்தலாமா? 1957-லேயே பதில் சொன்ன போப்! யார் இந்த 12-ம் பயஸ்?

சாந்தோம் பேராலயத்தை நாம் 'பசிலிக்கா' என்று சொல்கிறோம் இல்லையா? அந்த அந்தஸ்தை 1956-ல் கொடுத்தவர் போப் 12-ம் பயஸ். சென்னை, மயிலாப்பூர் எனத் தனித்தனியாக இருந்த மறைமாவட்டங்களை 1952-ல் ஒன்றாக்கி, இன்றைய சென்னை - மயிலை உயர் மறைமாவட்டத்தை உருவாக்கியதும் அவர்தான்.

ஆனால், ஐசியு வாசலில் கையில் கன்சென்ட் ஃபார்மோடு நிற்கும் எவருக்கும் அவர் வாழ்க்கையில் வேறொரு பாடம் இருக்கிறது.

யார் இவர்?

இயற்பெயர் யூஜினியோ பச்செல்லி. 1876 மார்ச் 2-ல் ரோமில் பிறந்தவர். 1939-ல் சரியாகத் தன் 63-வது பிறந்தநாளில் போப் ஆனார். ஆறே மாதத்தில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. யூதர்கள் கொல்லப்பட்டபோது அவர் வெளிப்படையாகப் பேசவில்லை என்ற விமர்சனம் இன்றும் உண்டு. வத்திக்கான் தன் ஆவணங்களை 2020-ல் திறந்த பிறகும் அந்த விவாதம் ஓயவில்லை.

டாக்டர்களிடம் என்ன பேசினார்?

சிறைப்பட்டவர்கள் மீது நாஜி டாக்டர்கள் நடத்திய கொடூர சோதனைகள், போருக்குப் பின் நியூரம்பெர்க் விசாரணையில் வெளியே வந்தன. நோயாளியின் சம்மதம் என்பது உலகம் முழுக்கப் பேசுபொருளானது. 1952 செப்டம்பரில் மருத்துவ மாநாட்டுக்கு வந்தவர்களிடம் பயஸ் இதைப் பற்றிப் பேசினார். நோயாளி கொடுக்கும் அனுமதியைத் தாண்டி அவர் உடல் மீது டாக்டருக்குத் தனி அதிகாரம் கிடையாது என்றார். அதேநேரம், தன் உடலை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ள நோயாளிக்கும் உரிமை இல்லை என்றார்.

வென்டிலேட்டர் எப்போது வந்தது?

அதே 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுவிட முடியாத நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, கையாலேயே பையை அழுத்திக் காற்று செலுத்தினார்கள். அந்த வேலையை மெஷின்கள் எடுத்துக்கொள்ள, இன்றைய ஐசியு பிறந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. நினைவே திரும்பாத நோயாளிக்கு மெஷினை எத்தனை நாள் ஓட்டுவது?

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மயக்கவியல் நிபுணர் புரூனோ ஹைட் இந்தக் கேள்வியை வத்திக்கானுக்கே கொண்டுபோனார். 1957 நவம்பர் 24-ல் பயஸ் பதில் சொன்னார். சுருக்கமாக இதுதான்:

* உயிரைக் காக்க வழக்கமான சிகிச்சையை எடுப்பது கடமை. தாங்க முடியாத சுமையாகும் அசாதாரண சிகிச்சையை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.
* நோயாளியின் அனுமதி இருந்தால்தான் டாக்டர் செயல்பட முடியும்.
* நோயாளி நினைவிழந்தால், அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதே குடும்பத்துக்கு அளவுகோல்.
* மரணம் எந்த நொடியில் நடந்தது என்று சொல்வது டாக்டர்களின் வேலை, திருச்சபையின் வேலை அல்ல.

அப்போ கருணைக்கொலைக்கு ஓகே சொன்னாரா?

இல்லவே இல்லை. ஊசி போட்டு உயிரை எடுப்பதை அவர் ஏற்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு இன்றும் அதுதான். ஆனால், வலியைக் குறைக்கக் கொடுக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலும், வேறு வழி இல்லை, நோக்கம் வலி நிவாரணம் மட்டுமே என்றால் கொடுக்கலாம் என்று அதே 1957 பிப்ரவரியில் விளக்கியிருந்தார். கொல்வது வேறு, பயனில்லாத சிகிச்சையை நிறுத்துவது வேறு. அவர் போட்ட கோடு இதுதான்.

அவருக்கே நடந்த கொடுமை

1958 அக்டோபரில், காஸ்டல் கண்டால்ஃபோ மாளிகையில் பயஸ் பக்கவாதத்தால் விழுந்தார். அக்டோபர் 9-ல் இறந்தார். வயது 82. அவருடைய டாக்டர்களில் முக்கியமானவர் ரிக்கார்டோ கலேயாட்சி-லிசி என்ற கண் மருத்துவர். மரணப் படுக்கையில் கிடந்த போப்பைப் படம் எடுத்து, தன் குறிப்புகளோடு சேர்த்துப் பத்திரிகைகளுக்கு விற்றார். விஷயம் வெளியானதும் அவர் பதவி போனது. நோயாளியின் அனுமதி இல்லாமல் டாக்டர் எதையும் செய்யக் கூடாது என்று ஊருக்கே சொன்னவர், தன் கடைசி நாட்களில் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2018 மார்ச் 9-ல், 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 'லிவிங் வில்'லை அங்கீகரித்தது. மீளவே முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம் அது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதானது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். நம் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று பெயரும் குறிப்பிடலாம். ஆனாலும் மருத்துவமனையின் இரண்டு குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சிகிச்சை நிறுத்தப்படும்.

நம் வீடுகளில் அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, அவரைக் கேட்காமல் மகன் கையெழுத்துப் போடுவது சர்வசாதாரணம். அவருக்கு என்ன நோய் என்பதையே மறைப்பதும் உண்டு. பாசத்தில் செய்வதுதான். ஆனால் அவர் நினைவிழந்த பிறகு, அவர் என்ன விரும்பியிருப்பார் என்று டாக்டர் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. அதனால் அந்தக் கேள்வியை இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடமே கேட்டுவிடுங்கள்.