பசுல்லா சாலையிலிருந்து வெள்ளை மாளிகைக்கு

சென்னை தியாகராய நகர்ப் பசுல்லா சாலையில் வாழ்ந்த முதியவர் ஒருவர், 1962ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்குப் பயணமானார். அப்போது அவருக்கு அகவை 83. கதர் உடை, கறுப்புக் கண்ணாடி, கையில் ஊன்றுகோல். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு அந்நாட்டுக் குடியரசுத் தலைவரை நேரில் வேண்டுவதே பயணத்தின் நோக்கம். அம்முதியவர் மூதறிஞர் இராஜாஜி.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த அவர், சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கியதும், வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதும், சுதந்திர இந்தியாவின் தலைமை ஆளுநராக வீற்றிருந்ததும் வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் அறிந்தவை. அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்காக 1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் நண்பர்களுடன் சங்கம் கண்டவர் அவர் என்பதைப் பலர் அறியார். வேதியியலை எளிய தமிழில் விளக்கத் ‘திண்ணை இரசாயனம்’ என்னும் நூலையும் எழுதினார். அறிவியலின்மீது வெறுப்புக் கொண்டு அணுகுண்டை எதிர்த்தவர் அல்லர் என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகிறோம்.

1954 மார்ச் முதல் நாள் பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 6 மெகா டன் அளவில் இருக்கும் எனத் தேர்ந்த அறிவியலாளர்கள் கணித்திருந்தனர். வெடித்ததோ 15 மெகா டன். குண்டில் இருந்த லித்தியத்தின் ஒருவகை, வினையில் பங்கு கொள்ளாது என்று அவர்கள் கருதியதே பிழையாயிற்று. எச்சரிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகின்மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் சில மாதங்களில் இறந்தார்.

யாருடைய போருக்கும் தொடர்பில்லாத மீனவர்மீது விழுந்த அச்சாம்பலே இராஜாஜியின் வாதத்திற்கு அடிப்படை எனலாம். காற்று எல்லா நாட்டினர்க்கும் பொது. அதை நஞ்சாக்க எந்த வல்லரசுக்கும் உரிமையில்லை என்று அவர் வழக்கறிஞருக்குரிய தெளிவுடன் ‘சுயராஜ்யா’ இதழில் இடைவிடாது எழுதினார். மற்றவர் நிறுத்தட்டும் என்று காத்திராமல் ஒருவர் முதலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இது நடவாத காரியம் என்று நகைத்தோரும் உண்டு. உள்நாட்டு அரசியலில் பிரதமர் நேருவைக் கடுமையாக எதிர்த்து வந்த அவர், இவ்வொன்றில் கட்சி வேறுபாடு பாராட்டவில்லை. 1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் தில்லியில் கூட்டிய அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டில் கலந்துகொண்டார். அந்நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியே அமெரிக்கா சென்றார், ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் சென்றனர்.

செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார். கென்னடிக்கு அப்போது வயது 45. தந்தையின் வயதினும் மூத்தவர் எதிரே அமர்ந்திருந்தார். ஒதுக்கப்பட்ட நேரம் 25 நிமிடம். உரையாடலோ ஒரு மணி நேரத்தைக் கடந்தது. நிலத்தடிச் சோதனைகளை நேரில் ஆய்வு செய்யாமல் எதிர்த்தரப்பை நம்ப இயலாது என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. அவ்வாய்வை உளவு என ஐயுற்றது சோவியத்து ஒன்றியம். காற்றுவெளிச் சோதனையையாவது நிறுத்தலாமே, அதைத் தொலைவிலிருந்தே கண்டறியலாமே என்னும் கருத்து அந்நாளில் வலுப்பெற்று வந்தது.

மூன்று வாரங்கள் முடியும் முன்பே கியூபா ஏவுகணை நெருக்கடி மூண்டது. அக்டோபர் 27 அன்று, மாஸ்கோவுடன் தொடர்பிழந்து கடலடியில் கிடந்த சோவியத்து நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவர், போர் தொடங்கிவிட்டதெனக் கருதி அணுக்கணையை ஏவ முற்பட்டார். உடனிருந்த ஆர்க்கிப்போவ் என்னும் அதிகாரி இசையவில்லை, கணை ஏவப்படவில்லை. இச்செய்தி இராஜாஜியின் காலத்தில் வெளிவரவே இல்லை.

மறு ஆண்டு இரு தலைநகர்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு அமைக்கப்பட்டது. பலர் எண்ணுவதுபோல் அது தொலைபேசி அன்று. தட்டச்சுச் செய்தி அனுப்பும் கருவி. பேச்சில் நேரும் பதற்றத்தையும் பிழையையும் எழுத்து தவிர்க்கும் என்பதே காரணம். 1963 ஆகஸ்டு 5 அன்று காற்றுவெளி, விண்வெளி, நீரடிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. இராஜாஜியின் தூதே அதற்குக் காரணம் என்பது மிகைக்கூற்றாகும். எனினும் பதவியேதும் இல்லாத முதியவர் கேட்டவற்றுள் ஒரு பகுதி அதில் நிறைவேறிற்று.

நிலத்தடிச் சோதனைகளுக்கு அவ்வொப்பந்தத்தில் தடையில்லை. 1972 டிசம்பர் 25 அன்று தம் 94ஆம் வயதில் இராஜாஜி சென்னையில் மறைந்தபோதும் அவை தொடர்ந்துகொண்டுதான் இருந்தன.